சிவப்பு விட்டுப்போன முகம்

பசையக்கா என்றால்தான் அந்த ஊரில் தெரியும். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரியே ஒரு நிமிஷம் யோசிப்பாள். யுத்தத்துக்குப் போன புருஷன் அவளுக்கு விட்டுப்போன சொத்து ஓர் ஏணி, இரண்டு வாளி, நீளக் கைப்பிடி போட்ட ஒரு பிரஷ், ஒரு தள்ளுவண்டி. "ஏணி ஏறி போஸ்டர் ஒட்டறது பொம்பளைக்கு ஆகற வேலையா?" என்று கேட்ட வாய்கள் எல்லாம் கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிட்டன. ஆம்பளைகளைத்தான் கப்பலேற்றி அனுப்பியாகிவிட்டதே, வேறு யார் ஒட்டுவது?

அந்தக் காலத்துச் சுவர்களும் லேசுப்பட்டவை அல்ல. மனுஷத் தலையைக் கண்டால் போதும், அதட்ட ஆரம்பித்துவிடும். விளக்கை அணை என்றது ஒரு சுவர். வாயை மூடு என்றது இன்னொரு சுவர். ரொட்டியை வீணாக்காதே, பழைய இரும்பைக் கொடு, வேலைக்கு நேரத்தோடு வா, வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதே. எந்த மாமியாரும் இத்தனை அதட்டு அதட்டியிருக்க மாட்டாள். ஊரே அந்த அதட்டலுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய்வந்தது. பசையக்கா மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒட்டுகிறவளுக்கு வாசகமா முக்கியம்? ஓரம் முக்கியம். ஓரம் தூக்கிக்கொண்டால் காற்று உள்ளே புகுந்து மொத்தத்தையும் உரித்துப் போட்டுவிடும்.

அதுவும் போக, அவள் மனசை வேறொரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி கவலை.

தங்கச்சிக்கு ஊர்க் கோடியில் இருந்த குண்டுத் தொழிற்சாலையில் வேலை. வெறும் கூடாக வந்து இறங்கும் குண்டுகளுக்குள் வெடிமருந்தை நிரப்பும் கொட்டகை. அந்த மருந்து ஒரு மஞ்சள் தூள். கையுறை போடு, தொப்பி போடு, என்ன வேண்டுமானாலும் போடு, அது எப்படியோ உடம்புக்குள் இறங்கிவிடும். முதலில் விரல் மஞ்சளாகும், அப்புறம் கழுத்து, முகம், கடைசியில் கண்ணின் வெள்ளை. சோப்பு தேய்த்தால் சோப்புதான் தீரும். கொட்டகைப் பெண்கள் டிராமில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் எதையோ மறந்துவிட்டவர்கள் மாதிரி எழுந்து அந்தப் பக்கம் போய் நிற்பார்கள். அதனால் அவர்கள் எல்லாருமே வெளியே வரும்போது தலையோடு முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நடப்பார்கள். குண்டு வேண்டும், குண்டை நிரப்புகிறவள் முகம் மட்டும் வேண்டாம். நல்ல நியாயம்.

தங்கச்சிக்கு ஒரு பெண் குழந்தை. வாலு என்று கூப்பிடுவார்கள், பேருக்குக் குறை வைத்ததில்லை. கொட்டகைப் பெண்களில் ஒரு பாதி தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே தங்க வேண்டும், தங்கச்சி அந்தப் பாதியில் என்பதால் வாலு பெரியம்மாவோடுதான் இருந்தாள். எப்போதாவது ஒரு நாள் லீவு கிடைத்தால் தங்கச்சி ஓடி வருவாள். நிறம் மாறிய பிறகு முதல் தடவை வந்தபோது, துணியை அவிழ்த்துவிட்டு ஆசையாகக் கையை நீட்டினாள். வாலு போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அடுத்த லீவில் கூச்சல் இல்லை. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, இருட்டிலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பொம்பள போயிட்டாளா பெரியம்மா?"

அந்தப் பொம்பளை கதவோரம் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே நான் லீவுக்கு வரல."

"பைத்தியமாடி உனக்கு? குழந்த அது. பழகினா சரியாயிடும்."

"பழக எனக்கு எங்க நேரம் இருக்கு? கிடைக்கறது ஒரு நாள். அந்த ஒரு நாளும் அவ கட்டிலுக்கு அடியிலயே கெடக்கா. யுத்தம் முடியட்டும், இந்த நிறம் போகட்டும். அப்ப வரேன்."

"அதுக்குள்ள உன்ன மறந்தே போயிடுவா."

"பயப்படறதுக்கு மறக்கறது தேவல," என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி முகத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு அடுத்த லீவுக்கு அவள் வரவில்லை. பசையக்கா அன்றைக்கெல்லாம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். வாலு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்தக் குழந்தைக்கு அம்மா என்று ஒருத்தி இருந்ததே நினைவில் நிற்காது.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெரிய போஸ்டர் வந்தது.

தொழிற்சாலை வாசலுக்கு நேர் எதிரே ஒரு பழைய கிடங்கு. ஜன்னல் இல்லாத அதன் பக்கச் சுவர் நாலு மாடி உயரத்துக்கு மொட்டையாக நிற்கும். அதில் ஒரு போஸ்டர் வேண்டும் என்று பிரச்சார அலுவலகம் சொல்லியிருந்தது. நீலத் தொப்பியும் நீலச் சட்டையுமாக ஒரு தொழிலாளிப் பெண், தலையும் தோளும் மட்டும், பின்னால் நீல வானம், கீழே "நீ நிரப்பு, அவன் வெல்வான்" என்று கறுப்பில் எழுத்து. பதினாறு தாள். நடுவில் இருக்கும் நாலு தாள் முகம். அலுவலகத்து அதிகாரி வாயைத் திறந்தாலே "மேலிடத்து உத்தரவு" என்றுதான் தொடங்குவார், அதனால் பசையக்கா அவருக்கு உத்தரவு என்றே பேர் வைத்திருந்தாள். காலை ஷிப்ட் உள்ளே போவதற்குள் ஒட்டி முடிக்க வேண்டும் என்பது உத்தரவின் உத்தரவு.

விடியும் முன்பே பசையக்கா கிளம்பினாள். குழந்தையைத் தனியாக விட முடியாது. தள்ளுவண்டியில் வாளிகளுக்கு நடுவே கம்பளியைச் சுற்றிப் படுக்க வைத்தாள். அது தூக்கம் கலையாமலே வந்தது.

பெரிய போஸ்டர் ஒட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. தாள்களை அச்சு உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, தண்ணீரில் ஊறப் போட்டு வைத்திருப்பார்கள். ஏணி மேல் நின்று, சுவரோடு சுவராக, மூக்குக்கு எதிரேதான் பிரிக்க வேண்டும். அந்தத் தூரத்தில் முகம் முகமாகத் தெரியாது. ஒரு கறுப்புக் கோடு வந்தால் மூக்கு, வளைந்த பட்டை வந்தால் புருவம், அவ்வளவுதான். கோட்டுக்குக் கோடு சேர்கிறதா என்று பார்த்து ஒட்டிக்கொண்டே போக வேண்டியது. அன்றைக்கு அவளுக்குத் துணை ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அதற்கும் விமானத்துக்குத் தெரியாதபடி மூடி. அந்த மங்கல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதமும் மஞ்சள் மையும் கண்ணுக்கு ஒன்றுதான். கோடு சேர்ந்தது, ஓரம் படிந்தது, பசையக்கா இறங்கினாள்.

அச்சகத்தில் நடந்த கூத்து அவளுக்கு எப்படித் தெரியும்? நிறப் போஸ்டர் என்றால் ஒரே தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். மஞ்சளின் மேல் சிவப்பை மெல்லிசாக ஓட்டினால்தான் தோல் நிறம் வரும். யுத்தத்தில் சிவப்பு மைக்குத் தட்டுப்பாடு. மற்ற நிறங்களைப் போட்டுவிட்டு, சிவப்பு வந்ததும் ஓட்டலாம் என்று முகத்தாள் நாலையும் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். கட்டுக் கட்டுகிறவர்கள் அவசரத்தில் அதையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். யாரைக் குற்றம் சொல்வது? எல்லாரையும்தான் ஊர்ச் சுவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டிருந்தனவே.

காலை ஷிப்ட் இருட்டோடு தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டது. பசையக்கா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெயில் வந்தது. முதலில் கிடங்கின் உச்சியில் வானத்தைத் தொட்டது. பிறகு தொப்பி. பிறகு நெற்றி. அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த பிரஷ் வாளிக்குள் விழுந்தது.

மஞ்சள். நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து எல்லாம் அப்பட்டமான மஞ்சள். உதட்டில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஒரு கண்ணே கதவு அகலம். அந்தக் கண்கள் ஊருக்கு மேலே, புகைபோக்கிகளுக்கு மேலே, எங்கேயோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ ஓவியர் ரோஜா நிறத்துக்காரி ஒருத்தியை நினைத்து வரைந்த முகம்தான் அது. ஆனால் இப்போது அவள் கொட்டகைக்காரி. அந்தக் கொட்டகையிலிருந்து எழுந்து, நாலு மாடி உயரத்துக்கு நிமிர்ந்து, முகத்தை மூடாமல் நிற்கிறவள்.

தப்பு நடந்துவிட்டது, வேலை போகப்போகிறது என்பதெல்லாம் பசையக்காவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவளுக்குப் பயம் வரவில்லை. தங்கச்சி இவ்வளவு அழகாகவா இருக்கிறாள், இத்தனை நாளாக நான் அவளைப் பாவம் பாவம் என்றுதானே பார்த்தேன் என்று நினைத்தாள்.

அப்போதுதான் வண்டியில் கம்பளி அசைந்தது.

ஐயோ, கத்தப் போகிறாள் என்று பசையக்கா ஓடினாள். வாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, அண்ணாந்து அப்படியே இருந்தாள். அவ்வளவு நேரம் அந்தக் குழந்தை சும்மா இருந்து பசையக்கா பார்த்ததே இல்லை.

"பெரியம்மா," என்றாள் கடைசியில், ரகசியம் மாதிரி. "எவ்ளோ பெருசு."

"பயமா இருக்கா?"

வாலு இல்லையென்று தலையாட்டினாள். கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை.

ஏன் பயப்படவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்த மஞ்சளுக்கு அலறிய குழந்தை, வானத்தில் நின்ற மஞ்சளைப் பார்த்து வாயைப் பிளந்தது. குழந்தைகள் கணக்கு தனிக் கணக்கு.

மத்தியானத்துக்குள் உத்தரவு சைக்கிளில் வந்து சேர்ந்தார். சைக்கிளை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"மேலிடத்து உத்தரவு என்னன்னு தெரியுமாம்மா உனக்கு? மஞ்சள்ங்கற பேச்சே வெளிய வரக்கூடாது. இதப் பாத்தா புதுசா ஒருத்தியாவது வேலைக்கு வருவாளா? கிழி. இப்பவே கிழி."

"பச ஈரம் சார். கிழிச்சா பாதி ஒட்டிக்கிட்டு சுவரே அசிங்கமா நிக்கும்," என்றாள் பசையக்கா.

அவர் பதில் சொல்வதற்குள் ஷிப்ட் சங்கு ஊதியது. வாசல் திறந்து பெண்கள் வெளியே வந்தார்கள், வழக்கம்போல் முகத்தைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. முன்னால் வந்தவள் எதற்கோ நிமிர்ந்தாள். நின்றாள். பின்னால் வந்தவள் அவள் மேல் மோதி, "ஏன்டி நின்னுட்ட?" என்று கேட்டுவிட்டு அவளும் நிமிர்ந்தாள். வாசலிலிருந்து தெரு முழுக்கக் கூட்டம், ஒரு செருப்புச் சத்தம் கிடையாது. டிராம்காரர் மணி அடிக்க மறந்து நிறுத்தினார். ஷிப்ட் மேஸ்திரியம்மா, கொட்டகைக்கே பழைய ஆள், மெதுவாகத் தன் முகத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நம்ம மூஞ்சிடி," என்றாள்.

ஒவ்வொரு துணியாக இறங்கியது. வெயிலில் அத்தனை மஞ்சள் முகமும் அந்த ஒரு முகத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. சிலர் அழுதார்கள். சிலர் பெருமூச்சு விட்டார்கள். உத்தரவு தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சிவப்பு மை வந்து, புதுத் தாள் அச்சாகி வர வரைக்கும் இருக்கட்டும்," என்றார், குரலைத் தாழ்த்தி. "வந்த அன்னிக்கு மூடிடணும். அதுல மாத்தம் கிடையாது."

அன்றிலிருந்து வாலுவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காலையில் கண் விழித்தால் "பெரிய ஆள பாக்கணும்." ரொட்டி தின்ன வேண்டுமா, பெரிய ஆளைப் பார்த்துக்கொண்டுதான் தின்பாள். தூங்கப் போகும் முன்னால், "பெரிய ஆளு குளிர்ல நிப்பாளா?" என்று ஒரு கேள்வி. பசையக்கா ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உங்கம்மாவும் அந்த நிறந்தான்டி."

வாலு நம்பவில்லை. "அம்மா சின்னது," என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

பசையக்கா மேஸ்திரியம்மாவிடம் தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினாள். லீவு நாளில் வீட்டுக்கு வர வேண்டாம், வாசல் வரைக்கும் வா, குழந்தை அங்கேதான் இருப்பாள் என்று. "யோசிக்கிறேன்" என்று பதில் வந்தது. யோசிக்க என்ன இருக்கிறது என்று பசையக்கா நாள் பூராவும் பாத்திரங்களிடம் கோபித்துக்கொண்டாள்.

லீவு நாளும் வந்தது, பாழாய்ப்போன சிவப்பும் அன்றைக்கே வந்தது. காலையிலேயே உத்தரவு சுடச்சுடப் புது முகத்தாள் நாலோடு சுவரடியில் நின்றார். இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று பசையக்கா கெஞ்சினாள். காரணத்தைக்கூடச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், கண்ணாடியைத் துடைத்தார். சாயங்காலம் மேலிடத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றார். மூடாவிட்டால் பசை மாவு ரேஷனும் போய்விடும், வேலையும் போய்விடும், அவர் கையில் ஒன்றுமில்லை.

பசையக்கா வாலுவை வண்டியில் உட்காரவைத்துவிட்டு ஏறினாள். கொட்டகைப் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். இப்போதெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டும்வரை யாரும் முகத்தை மூடுவதில்லை. டிராம் திருப்பம் வந்த பிறகுதான் துணி ஏறும்.

"பாத்து ஒட்டு பசையக்கா," என்றாள் மேஸ்திரியம்மா கீழேயிருந்து. "எங்க மூஞ்சி மேல ஒட்டற."

முதல் தாளில் ஒரு கண் போனது. இரண்டாவதில் இன்னொரு கண். மஞ்சளின் மேல் கொழுகொழுவென்று ரோஜா நிறம் ஏறியது. அதுவரை புரியாமல் பார்த்துக்கொண்டிருந்த வாலுவுக்கு மூன்றாவது தாளில் புரிந்துவிட்டது.

"வேணாம் பெரியம்மா! போயிடுவா! பெரிய ஆளு போயிடுவா!"

அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு ஏணியில் நிற்பது கொடுமை. பசையக்கா திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால், வாசல் தூண் ஓரமாக, முகத்தை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒருத்தி நின்றாள். நிற்கிற நிலையிலேயே தெரிந்தது, தங்கச்சி. அழுகிற குழந்தையிடம் போகத் துடிக்கிறாள், போனால் இன்னும் அலறுமோ என்று காலை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள்.

பசையக்கா கையால் முகத்தைத் தொட்டுக் காட்டினாள், அவிழ்த்துவிடு என்று.

தங்கச்சி முடிச்சை அவிழ்த்தாள். துணி கழுத்தில் இறங்கியது. மேஸ்திரியம்மா அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள், அவள் ஒதுங்கவும் மற்றவர்களும் ஒதுங்கினார்கள். வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு வழி விழுந்தது.

வாலு மூக்கு ஒழுக அழுதபடி திரும்பினாள். பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. மேலே மிச்சமிருந்த மஞ்சள் கன்னத்தைப் பார்த்தாள், கீழே தூணோரம் இருந்த முகத்தைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். வண்டியிலிருந்து பின்புறமாகச் சறுக்கி இறங்கினாள்.

"பெரியம்மா," என்று கத்தினாள், "போவல! இங்க இருக்கா!"

ஓட்டம் என்றால் அது ஓட்டம். தங்கச்சிக்கு முழங்காலில் உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை, வாலு இடுப்பில் வந்து மோதினாள். தூக்கியதும் அந்த மஞ்சள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள், பெரிய ஆள் எப்படி இவ்வளவு சின்னதாகி இறங்கி வந்தாள் என்று சோதிப்பவள் மாதிரி. தங்கச்சி முகத்துணியின் நுனியால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

ஏணி மேல் பசையக்காவின் கையில் நாலாவது தாள் சொட்டிக்கொண்டிருந்தது. உத்தரவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ பாத்துக்கம்மா," என்றார். பசையக்கா தாளைப் பிரித்து ஒட்டினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து கோடு எங்கே சேர்கிறது என்றே தெரியவில்லை. படத்து உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகப் போனது. அவள் ஒட்டியதிலேயே கோணலானது அது ஒன்றுதான், போனால் போகட்டும் என்று இறங்கினாள்.

சுவரில் இப்போது ரோஜாக் கன்னமும் சிவந்த உதடுமாக ஒருத்தி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு அவளை அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவுடனே அம்மாவின் மஞ்சள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டாள்.

"அம்மா, அவ ஏன் அப்படி செவந்து போயிருக்கா? காய்ச்சலா?"

தங்கச்சி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மேஸ்திரியம்மாதான் முதலில் சிரித்தாள், அப்புறம் தெருவே சிரித்தது.

"ஆமாடி கண்ணு," என்றாள் தங்கச்சி. "சரியாயிடும்."